கடற்கரை ஊரில் தூண்டில் மீன்பிடி: முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஓய்வு நாள்களில் தூண்டில் போடலாம் என்று முடிவெடுத்தபோது நான் முதலில் வாங்கியது நீளமான தூண்டிற்கோலும் பெரிய ரீலும்தான். உரிமம் வேண்டுமா, எந்த மீனை எந்த அளவில் வைத்துக்கொள்ளலாம், நீர் எப்போது ஏறி எப்போது வற்றும் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். முதல் நான்கு மாதங்களில் இருமுறை பணம் வீணானது. ஒருமுறை அபராதம் கட்டினேன். ஒருமுறை பாறையில் நின்றிருந்தபோது எதிர்பாராத அலையொன்று இடுப்புக்கு மேல் அடித்து என்னைக் கீழே தள்ளியது. இவற்றில் எதுவும் உங்களுக்கு நேர வேண்டியதில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன். வரிசையை மாற்றாதீர்கள், என் இழப்புகளில் பாதி, வரிசை மாறியதால் வந்தவை.

1. முதலில் உரிமம், பிறகுதான் கருவி

கடலில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க உரிமம் தேவையா என்பதற்கு உலகம் முழுமைக்குமான ஒரே விடை கிடையாது. இங்கிலாந்தில் தூண்டிற்கோல் உரிமம் நன்னீர் மீன்களுக்கும், சால்மன், கடல் டிரவுட் போன்று ஆறும் கடலும் மாறி வாழும் சில மீன்களுக்கும்தான். மற்ற கடல் மீன்களுக்குத் தேவையில்லை. நியூசிலாந்தில் கடல் மீன்பிடிக்கு உரிமம் இல்லை, ஆனால் அளவும் எண்ணிக்கையும் கண்டிப்பானவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கடலுக்கும் நன்னீருக்கும் சேர்த்துக் கட்டணம் உண்டு. அண்டை மாநிலமான குயின்ஸ்லாந்தில் கடலுக்குக் கட்டணமே இல்லை. எல்லை தாண்டியதும் விதி மாறுகிறது என்பதால், பக்கத்து ஊர் நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் கடற்பகுதியை நிர்வகிக்கும் மீன்வளத் துறையின் அறிவிப்பை நீங்களே படியுங்கள்.

உரிமம் உண்டென்றால், வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அது கடலுக்கு மட்டுமா, கழிமுகத்துக்கும் பொருந்துமா? ஓர் ஆண்டு என்பது வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுகிறதா, அல்லது நாட்காட்டி ஆண்டின் முடிவோடு காலாவதியாகிறதா? சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் விலக்கு உண்டா? நண்டு, சிப்பி, இறால் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டுமா? இரண்டாவது கேள்வி பணத்தோடு தொடர்புடையது. நாட்காட்டி ஆண்டு முறை உள்ள இடத்தில் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆண்டு உரிமம் வாங்குவது வீண். குறுகிய கால உரிமம் எடுத்துவிட்டுப் புத்தாண்டில் புதுப்பிப்பதே சரி. மற்ற காலங்களில், மாதத்துக்கு ஓரிரு முறையாவது போகக்கூடியவருக்குக் குறுகிய கால உரிமங்களை அடுத்தடுத்து வாங்குவதைவிட ஆண்டு உரிமமே பெரும்பாலும் மலிவாக முடியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேடுபொறியில் முதலில் வந்த, அரசுத் தளம் போலவே தோன்றிய ஒரு தளத்தில் நான் விண்ணப்பித்தேன். அது இடைத்தரகர் தளம். உரிமக் கட்டணத்தோடு ஏறத்தாழ அதே அளவு ‘சேவைக் கட்டணம்’ பிடித்துக்கொண்டார்கள், உரிமமும் ஒன்பது நாள் கழித்தே கைக்கு வந்தது. முகவரிப் பட்டையில் அரசின் இணைய முகவரிதானா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள். உரிமம் வந்ததும் அதன் நகலைக் கைப்பேசியில் படமாகவும், ஒரு தாளில் அச்சாகவும், புகைப்பட அடையாள அட்டையோடு நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கழிமுகங்களில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. மின்னஞ்சலில் இருக்கும் உரிமம் அந்த நேரத்தில் கைகொடுக்காது.

2. அளவு, எண்ணிக்கை, தடைக்காலம்

உரிமம் மீன் பிடிக்கத்தான் அனுமதி தருகிறது. பிடித்ததை வைத்துக்கொள்ளலாமா என்பதை வேறு விதிகள் முடிவு செய்கின்றன. ஒவ்வொரு மீன் இனத்துக்கும் குறைந்தபட்ச நீளமும், ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் வகுத்திருப்பார்கள். சில இனங்களுக்கு அதிகபட்ச நீளமும் உண்டு. பெரிய மீனை ஏன் விட வேண்டும் என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. கொடுவா மீன் ஆணாக முதிர்ந்து, பிறகு வளர்ந்து பெண்ணாக மாறுகிறது. பெரிய கொடுவாக்களை எல்லாம் எடுத்துவிட்டால் முட்டையிட மீன் இருக்காது. கலவாயில் இது தலைகீழ்: பெண்ணாக முதிர்ந்து பெரிதானதும் ஆணாக மாறுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அளவு விதியைச் சுமையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் அபராதம் கட்டியது, நீளத்தை அளக்கத் தெரியாததால்தான். சில இனங்களுக்கு மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையிலான முழு நீளத்தைக் கேட்பார்கள். வால் கவைபோல் பிளந்த மீன்களுக்குப் பல இடங்களில் வால் பிளவின் நடுப்புள்ளி வரை மட்டுமே கணக்கு. நான் ஒரு பாரையை வால் நுனி வரை அளந்து, அளவு சரி என்று பையில் போட்டுக்கொண்டேன். ஆய்வாளர் பிளவு வரை அளந்தபோது மூன்று சென்டிமீட்டர் குறைந்தது. அதன் பிறகு துணி நாடாவை விட்டுவிட்டு, ஒரு முனையில் தடுப்புக் கட்டையுள்ள அளவுப் பலகைக்கு மாறினேன். பலகையை முதலில் நனைத்துவிட்டு, மீனை அதன்மேல் படுக்கவைத்து, வாயை மூடி மூக்கைத் தடுப்பில் மெல்ல அழுத்தி, முதுகை நேராக்கிப் படியுங்கள். நாடாவை உடம்பின் வளைவின் மேல் வைத்தால் இல்லாத நீளம் காட்டும்.

நாள் எண்ணிக்கையும் கைவச எண்ணிக்கையும் (ஒருவர் தம்மிடம் மொத்தமாக வைத்திருக்கக்கூடியது) வேறு என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது விதி இருக்கும் இடத்தில், நேற்றுப் பிடித்து உறைபெட்டியில் வைத்திருக்கும் மீனும் கணக்கில் சேரும். கரை சேரும் முன் மீனைத் துண்டு போடுவதும் பல இடங்களில் தடை. தலையும் வாலும் இல்லாத மீனை யாராலும் அளக்க முடியாது. பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்பது அநேகமாக எல்லா இடங்களிலும் குற்றம். இனப்பெருக்கத் தடைக்காலத்தையும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளின் எல்லையையும் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் புதிதாகப் பாருங்கள். சென்ற ஆண்டின் கையேட்டை நம்ப வேண்டாம்.

3. ஓத அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தூண்டில் மீன்பிடியில் இலவசமாகக் கிடைக்கும் மிகச் சிறந்த கருவி, கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணை. உலகின் பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இரண்டு நீரேற்றமும் இரண்டு நீர்வற்றமும் உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 6 மணிக்கு வந்த ஏற்றம் நாளைக் காலை சுமார் 6.50-க்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகுதி, நீரோட்டம் வேகம். அரைநிலா நாள்களில் இரண்டும் குறைவு. சில கரைகளில் நாளுக்கு ஓர் ஏற்றம் மட்டுமே என்பதால், உங்கள் கரை எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீர் ஓடும்போது இரை நகரும், மீனும் அதைத் தொடரும். நீர் நின்றுபோகும் நேரத்தில் மீன் கடிப்பது பெரும்பாலும் குறையும். விடியற்காலையோ அந்திப்பொழுதோ நீரேற்றத்தின் பிற்பாதியோடு சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். விடுமுறை கிடைத்த நாளில் போவதற்கும் இப்படித் தேர்ந்த நாளில் போவதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டே வாரத்தில் உணர்வீர்கள்.

அட்டவணையைப் படிப்பதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நேர்கின்றன. முதலாவது, அதில் உள்ள நேரம் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்துக்கு உரியது; கழிமுகத்தின் உள்ளே செல்லச் செல்ல ஏற்றம் தாமதமாகும், சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். இரண்டாவது, நீர் ஒரே சீராக ஏறும் என்று நினைப்பது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்பது கடலோடிகளின் தோராயக் கணக்கு. நடுவில் உள்ள இரண்டே மணி நேரத்தில் பாதி நீர் ஏறிவிடும். நீர்வற்றத்தில் நடந்து போன மணல்திட்டிலிருந்து திரும்பும் வழி இப்படித்தான் சட்டென்று அடைபடும். வற்றம் முடிந்து நீர் திரும்பத் தொடங்கியதுமே நீங்களும் கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள்.

4. கருவி: எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது

முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு தூண்டிற்கோல் போதும்: 2 முதல் 2.4 மீட்டர் நீளமுள்ள இலேசான கோல், அதற்கேற்ற நடுத்தர ஸ்பின்னிங் ரீல், 4 கிலோ தாங்கும் நைலான் தங்கூசி (தூண்டில் நூல்). நான் வாங்கிய கனத்த நாலு மீட்டர் கோல் ஓராண்டு மூலையிலேயே கிடந்தது. செலவை ரீலில் போடுங்கள். உப்பு நீரில் முதலில் கெட்டுப்போவது மலிவான ரீலின் உட்பகுதிதான். கோலில் மிச்சம் பிடிக்கலாம். பின்னல் நூல் மெல்லியதாகவும் வலுவாகவும் இருக்கும், ஆனால் நீளாது, சிக்கினால் பிரிக்கக் கடினம், இழுக்கும்போது விரலை அறுக்கும். கை பழகும் வரை நைலானே நல்லது.

ரீலின் இழுவை இறுக்கத்தை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் எந்த விசையில் நழுவும் என்பதை, தங்கூசி தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். 4 கிலோ தங்கூசி என்றால் ஒரு சுருள்தராசில் கட்டி இழுக்கும்போது 1 முதல் 1.3 கிலோவில் நூல் நழுவ வேண்டும். பெரிய மீனைத் தவறவிட்டவர்களில் பலர் இழுவையை முழுக்க இறுக்கி வைத்திருந்தவர்கள்.

முடிச்சு இரண்டு கற்றுக்கொண்டால் போதும். எதுவானாலும் இறுக்குவதற்கு முன் நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த நைலான் உராய்வுச் சூட்டில் வலுவிழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போனால் கையில் மிஞ்சிய நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நுனி பன்றி வால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சுருளாமல் நேராக அறுந்திருந்தால் தங்கூசி தாளாமல் போயிருக்கிறது. சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் பாறையோ மீனின் பல்லோ உரசியிருக்கிறது. எனக்கு ஆறு வாரம் மீன் தப்பியதற்கு என் முடிச்சுதான் காரணம் என்று அந்தச் சுருண்ட நுனிதான் காட்டிக்கொடுத்தது.

தூண்டில் முள்ளில், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளையே பரிந்துரைக்கிறேன். அது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டுவதால் விட வேண்டிய மீன் பிழைக்கும். ஆனால் மீன் கடித்ததும் கோலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. நூல் இறுகியதும் நிதானமாகச் சுற்றினாலே முள் தானாக மாட்டிக்கொள்ளும்.

5. கழிமுகத்தில் தொடங்குங்கள்

அலை இல்லை, ஆழம் குறைவு, மீன் வகை அதிகம் என்பதால் பழகுவதற்குக் கழிமுகமே ஏற்றது. ஆழமும் ஆழமின்மையும் சந்திக்கும் விளிம்பு, பாலத்தூண்களின் நிழல், கடற்புல் பரப்பின் ஓரம், சிறு ஓடை வந்து கலக்கும் வாய் ஆகியவற்றைத் தேடுங்கள். நீர் வற்றும்போது ஓடைகளிலிருந்து சிறுமீனும் இறாலும் வெளியே அடித்துவரப்படும். பெரிய மீன் அந்த வாயில் காத்திருக்கும். முழு வற்றத்தின்போது ஒருமுறை தூண்டில் இல்லாமல் சென்று, வெளியே தெரியும் பள்ளங்களையும் திட்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிய பிறகு அந்தப் படம்தான் உங்களுக்கு வரைபடம்.

ஈயக்குண்டு எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாக இருக்கட்டும். இரை நீரோடு இயல்பாக அசைய வேண்டும். இரை மீனைப் பிடிக்க வலையோ கூண்டோ வைப்பதாக இருந்தால் அதற்கும் விதி உண்டா என்று பாருங்கள்.

6. கடற்கரை மணலில்

எல்லாரும் செய்யும் தவறு, முடிந்த வரை தூரம் வீசுவது. மணற்கரையில் மீன் பெரும்பாலும் கரையை ஒட்டிய பள்ளங்களில்தான் மேய்கிறது. ஓர் உயரமான மேட்டில் நின்று பத்து நிமிடம் நீரைப் பாருங்கள். அலை உடைந்து வெண்மையாகத் தெரியும் இடம் மணல்திட்டு. அலை உடையாமல் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ தெரியும் இடம் பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இரை விழ வேண்டும்.

அதே கருத்த நீர், கடலை நோக்கி இழுக்கும் ஓட்டமாகவும் இருக்கக்கூடும். ஆகவே நீரில் இறங்குவதானால் முழங்காலுக்கு மேல் வேண்டாம். இழுபட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள், அல்லது கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்திலிருந்து விலகுங்கள்.

பாறைகளில் நின்று தூண்டில் போடுவதை முதல் ஆண்டில் முழுமையாகத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வானிலை அறிக்கையில் வரும் அலை உயரம், மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால், அவ்வப்போது அதைப்போல் இருமடங்கு அலையும் வரும். எனக்கு வந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் நின்றேன், அது போதவில்லை. பிற்காலத்தில் போயே தீர வேண்டுமென்றால், மிதவைச் சட்டை அணிந்து, பழகிய ஒருவரோடு போங்கள், ஈரமான பாறையில் நிற்காதீர்கள். ஈரம் இருந்தால் அங்கே அலை வந்து போயிருக்கிறது என்று பொருள்.

இடி கேட்டால் எங்கிருந்தாலும் கோலைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். கார்பன் இழைக் கோல் மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடித்து நடப்பதும் அதே அளவு ஆபத்து.

7. கடலுக்குள் போவது

சொந்தப் படகுக்கு முன் இரண்டு மூன்று முறையாவது வாடகைப் படகில் போய்ப் பாருங்கள். முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை: கோலும் இரையும் பனிக்கட்டியும் கட்டணத்தில் சேருமா, படகின் உரிமத்திலேயே பயணிகளும் அடங்குவார்களா, பிடித்த மீன் யாருக்கு, வானிலை கெட்டு அவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்புமா அல்லது வேறு தேதிதானா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காததால்தான் இரண்டாம் முறை பணம் இழந்தேன். மாற்றுத் தேதிக்கு மூன்று மாதக் கெடு இருந்ததும், அதற்குள் கடல் அடங்காததும் பிறகே தெரிந்தது. கடல் அமைதியாக இருக்கும் பருவத்தின் நடுவில் தேதி எடுங்கள், தொடக்கத்திலோ முடிவிலோ வேண்டாம். குமட்டல் மாத்திரை தேவைப்படுபவர், மருத்துவரைக் கேட்டுப் புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு அது பெரிதும் உதவாது.

சொந்தப் படகென்றால் ஆவணங்கள் கூடும்: படகுப் பதிவு, ஓட்டுநர் சான்று, காப்பீடு. ஓட்டுநர் சான்றுக்கான பயிற்சிக்கும் தேர்வுக்கும் இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் படகு வாங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, ஓட்டுபவர் உடலோடு இணைக்கும் இயந்திர நிறுத்தக் கயிறு, அபாய அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையைக் கேட்கும் விஹெச்எஃப் வானொலி, உங்கள் பெயரில் பதிவு செய்த, செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி ஆகியவை இல்லாமல் கரை மறையும் தூரம் போக வேண்டாம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு யாரை அழைக்க வேண்டும் என்று கரையில் உள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

கழிமுகத்தின் வாயிலில் உள்ள மணல்தடுப்பைக் கடப்பதுதான் பயணத்தில் மிகக் கடினமான சில நிமிடங்கள். வற்றத்தில் வெளியேறும் நீர் உள்வரும் அலையோடு மோதி, அலையைச் செங்குத்தாக எழுப்பும். நீரேற்றத்தில் கடப்பதற்கேற்ப, திரும்பும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

8. பிடித்த மீனைக் கையாளுதல்

விட வேண்டிய மீனை ஈரக்கையால் பிடியுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் தங்கூசியை வாயருகே வெட்டிவிடுவது மீனுக்கு நல்லது. ஆழத்திலிருந்து ஏறிய மீன் காற்றுப்பை உப்பி மேலேயே மிதந்தால், எடை கட்டிய இறக்கும் கருவியால் அதை மீண்டும் ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

பெயர் தெரியாத மீனை வெறுங்கையால் தொடாதீர்கள். கெளுத்தியின் முதுகு, பக்க முட்களும் திருக்கையின் வால் முள்ளும் கடும் வலி தரும். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குத் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 பாகை வரை, அந்த இடத்தை அமிழ்த்தி வைத்து மருத்துவரிடம் செல்லுங்கள். பேத்தை மீனை எக்காரணத்தாலும் சமைக்காதீர்கள். அதன் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் பிடித்த உடனே குளிர்விக்காவிட்டால் உடலில் ஹிஸ்டமின் சேரும், அதுவும் சமையலில் போகாது. இரண்டு பங்கு பனிக்கட்டியும் ஒரு பங்கு கடல் நீரும் கலந்த பெட்டியை மீன் கிடைக்கும் முன்பே தயாராக வைத்திருங்கள். வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் பெரிய சீலா, பெரிய கலவாய் ஆகியவற்றின் உடலில் வேறொரு நஞ்சும் சேர்ந்திருக்கக்கூடும். அங்கே நெடுங்காலம் தொழில் செய்யும் மீனவரிடம் கேட்காமல் உண்ண வேண்டாம்.

9. திரும்பிய அன்றே

ரீலின் இழுவையை இறுக்கிவிட்டு, அழுத்தம் குறைந்த நன்னீரால் கழுவுங்கள். பீய்ச்சியடித்தால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்ததும் இழுவையைத் தளர்த்தி வையுங்கள். அறுந்த தங்கூசியை ஒரு துண்டுகூடக் கரையில் விடாமல் எடுத்து வாருங்கள். அது பறவையின் காலில் சுற்றினால் அவிழாது. பிறகு ஒரு குறிப்பேட்டில் தேதி, நிலவின் நிலை, ஏற்ற நேரம், காற்றின் திசை, இடம், இரை, என்ன கிடைத்தது ஆகியவற்றை எழுதுங்கள், எதுவும் கிடைக்காத நாளையும் சேர்த்து. உரிமம் முடியும் தேதியை அதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, அதற்கு மூன்று வாரம் முன்பு புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.